மூன்று பெடல், இரண்டு பெடல்: கோரிமேடு போகிற வழியில் ஒரு சிமுலேட்டர் கடை

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஏற்காடு ரோட்டில் கோரிமேடு பார்த்துப் போனால் இடது கைப்பக்கம் ஒரு டயர் கடை வரும். அதன் மாடியில் இருக்கிறது இந்த ரேஸிங் சிமுலேட்டர் கடை. கீழே பஞ்சர் ஒட்டுகிற ரப்பர் வாசனை. செங்குத்தான படியில் ஏறிக் கதவைத் திறந்தால் மூன்று பெரிய திரைகளில் இத்தாலியின் மோன்சா டிராக். பெயரெல்லாம் போட வேண்டாம், தெரிந்தவர்கள் வந்தால் போதும் என்று கடைக்காரத் தம்பி சொல்லிவிட்டார். அதனால் கடைப் பெயரை எழுதவில்லை. டயர் கடையைக் கேட்டாலே வழி சொல்வார்கள்.

நான்கு ஞாயிற்றுக்கிழமை போய் ஓட்டிப் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன். அரை மணி நேரத்துக்கு 300 ரூபாய் வாங்குகிறார்கள். எனக்கு வயது 48, வேலை ஒரு வங்கியில். அங்கே வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் காலேஜ் பையன்கள். அவர்கள் போவது ஒருவரோடு ஒருவர் போட்டி போட. நான் போனது ஒரு குறிப்பிட்ட வண்டியைத் தேடி.

நான் பிறந்தது ஏற்காட்டைத் தாண்டி நாகலூரில். அப்பா ஒரு காபி எஸ்டேட்டில் ஜீப் டிரைவர். எஸ்டேட் பங்களாவில் படித்துப் போட்ட ஆங்கில விளையாட்டுப் பத்திரிகைகளை வீட்டுக்குக் கொண்டுவருவார், அலமாரித் தட்டில் விரிப்பதற்காக. அப்படி வந்த ஒன்றில் கறுப்பும் தங்கமும் பூசிய ஒரு கார் இருந்தது. உள்ளே மஞ்சள் ஹெல்மெட். அந்தப் பக்கத்தைக் கிழித்து, சோற்றுப் பருக்கையைத் தேய்த்துச் சுவரில் ஒட்டினேன். அது என்ன பந்தயம், எந்த நாடு என்று எதுவும் அப்போது தெரியாது. அது 1986-ன் லோட்டஸ் 98டி என்ற ஃபார்முலா 1 பந்தயக் கார் என்பதும், மஞ்சள் ஹெல்மெட்டுக்காரர் பிரேசில் நாட்டு ஓட்டுநர் அயர்ட்டன் சென்னா என்பதும் அப்புறம்தான் தெரிந்தது. அந்த வண்டியில் அவர் ஸ்பெயினின் ஹெரெஸ் டிராக்கில் நைஜல் மேன்செல்லை 0.014 விநாடியில் ஜெயித்தார். இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடிய பந்தயம், கண் இமைக்கும் நேரம்கூட இல்லாத வித்தியாசத்தில் முடிந்தது. இதைப் படித்த நாளிலிருந்து அந்த வண்டி என் வண்டி.

இந்தக் கடையில் அது இருக்கிறது. கடையைப் பற்றி நான் சொல்லக்கூடிய மிகப் பெரிய நல்ல செய்தி இதுதான்.

சீட், ஸ்டியரிங், பெடல் எல்லாம் சேர்ந்த அமைப்புக்கு ரிக் என்று பெயர், மொத்தம் மூன்று ரிக் வைத்திருக்கிறார். இரண்டில் ஸ்டியரிங்கும் இரண்டு பெடலும் மட்டும். பையன்கள் வரிசை கட்டி நிற்பது அவற்றுக்குத்தான். மூலையில் இருக்கும் மூன்றாவதில் மூன்று பெடல், வலது கைப்பக்கம் ஹெச் வடிவத்தில் விழும் ஒரு கியர் லீவர். முதல் ஞாயிறு நான் போனபோது அந்த சீட்டின் மேல் ஹெல்மெட் டப்பாக்களை அடுக்கி வைத்திருந்தார்கள். "அதுல யாரும் உட்கார மாட்டாங்கக்கா, கஷ்டம்னு போயிடுவாங்க" என்று சொல்லிக்கொண்டே தம்பி டப்பாக்களை எடுத்துக் கீழே வைத்தார். லோட்டஸ் 98டி வேண்டும் என்றதும் ஒரு நொடி என்னைப் பார்த்தார். அப்புறம் சிரித்துவிட்டு, ஓட்டுவதைச் சுலபமாக்கும் இயந்திர உதவிகள் எல்லாவற்றையும் அணைத்துக் கொடுத்தார்.

அந்த வண்டியைப் பற்றி நான் முப்பது வருடமாகப் படித்தது எதுவும் அந்த முதல் ஐந்து நிமிடத்துக்கு ஈடாகவில்லை. எஞ்சின் 1.5 லிட்டர்தான். நம் ஊரில் ஓடுகிற சாதாரணக் காரின் எஞ்சின் அளவு. ஆனால் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போ ஊதியதும் தகுதிச் சுற்றில் அது 1000 குதிரைத்திறனைத் தாண்டியது. அந்தச் சக்தி கேட்ட நேரத்தில் வராது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் முதலில் ஒன்றும் நடப்பதில்லை. ஒன்று, ஒன்றரை என்று மனத்துக்குள் எண்ணலாம். அதற்குள் வளைவின் பாதிக்கு வந்துவிடுவோம். திடீரென்று மேட்டூர் மதகைத் திறந்த மாதிரி எல்லாம் ஒரே நேரத்தில் வந்து பின்சக்கரத்தில் இறங்கும். ஆகவே வளைவில் நுழையும் முன்பே, வண்டி இன்னும் திரும்பாதபோதே மிதிக்க வேண்டும். ஒரு விநாடி கழித்து எங்கே இருக்கப் போகிறோம் என்று கணக்குப் போட்டு இப்போதே காலை வைக்க வேண்டும். மோன்சாவின் லெஸ்மோ வளைவுகளில் இது பிடிபட எனக்கு இரண்டு ஞாயிறு ஆனது.

அடுத்தது கியர். இங்கே ஒரு சிக்கலை எதிர்பார்க்கவே இல்லை. நம் ஊர் வண்டிகளில் ஸ்டியரிங் வலதுபக்கம், கியர் இடது கையில். அந்தக் காலத்து ஃபார்முலா காரில் ஓட்டுநர் நடுவில் உட்கார்ந்திருப்பார், லீவர் வலது கையில். பதினெட்டு வயதிலிருந்து கியர் போட்டுப் பழகிய என் இடது கைக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, அது ஒற்றையாக ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நேர்கோட்டின் முடிவில் பிரேக்கை மிதித்தபடியே ஆறிலிருந்து இரண்டுக்கு ஒவ்வொரு கியராக இறங்கும்போது, குதிக்கிற ஸ்டியரிங்கை ஒரே கையால் அடக்க வேண்டியிருந்தது. பவர் ஸ்டியரிங் கிடையாது. கடையில் உள்ள மோட்டார் கொடுக்கும் எதிர்ப்பு நிஜ வண்டியில் இருப்பதில் ஒரு சிறு பங்குதான் இருக்கும். அதற்கே மணிக்கட்டு வலித்தது.

1991-ல் பிரேசிலின் இன்டர்லாகோஸில் சென்னாவின் கியர்பெட்டி பழுதாகி, கடைசிச் சுற்றுகளை ஆறாவது கியரிலேயே ஓட்டி ஜெயித்தார் என்று படித்திருப்பீர்கள். முடிந்ததும் கோப்பையைத் தூக்க அவருக்குக் கை வரவில்லை. அது எப்படி இருந்திருக்கும் என்று மூன்றாவது ஞாயிறு சோதித்துப் பார்த்தேன். வேறு வண்டி, வேறு டிராக்தான். இருந்தாலும் ஆறாவது கியரை மாற்றாமல் மோன்சாவை ஒரு சுற்று. வேகத்தைக் குறைக்க இடமும் வலமுமாக நெளித்து வைத்த வளைவுக்குச் சிக்கேன் என்று பெயர், முதல் சிக்கேனிலேயே எஞ்சின் மூச்சு வாங்கியது, வெளியே வர வண்டி இழுக்கவில்லை. தம்பி பின்னால் வந்து நின்று, "எதுக்குக்கா இப்படி?" என்று கேட்டார். கதையைச் சொன்னேன். அவருக்கு வயது 26, சென்னா இறந்து பல வருடம் கழித்துப் பிறந்தவர். அன்றைக்குக் கூடுதலாகப் பத்து நிமிடம் காசு வாங்காமல் ஓட்ட விட்டார்.

ஏற்காட்டு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவு. அங்கேதான் அப்பா எனக்கு ஜீப் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அவர் சொன்ன முதல் விதி, "ஏறின கியர்லயே இறங்கணும் கண்ணு." பிரேக்கை நம்பாதே, எஞ்சினை வைத்து வண்டியைப் பிடி என்று அர்த்தம். எந்த வளைவில் எந்த கியர் என்பதை யாரும் உடன் உட்கார்ந்து சொல்ல மாட்டார்கள். பனி இறங்கியிருந்தால் எதிரே பஸ் வருகிறதா என்பதை ஹாரனை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். முடிவு நம்முடையது. அந்த லோட்டஸ் எனக்கு அந்த மலைப்பாதையை ஞாபகப்படுத்தியது. வேகத்தில் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் உள்ளே தனியாக இருக்கிறோம் என்ற உணர்வு ஒன்றுதான்.

அதே ரிக்கில் இரண்டாவதாக நான் எடுத்தது 2017-ன் ஃபெராரி, எஸ்எஃப்70எச். இன்னும் புதிய வண்டிகளும் கடையில் உண்டு. செபாஸ்டியன் வெட்டல் என்ற ஓட்டுநர் ஓட்டிய வண்டி என்பதால் இதைக் கேட்டேன். கிளட்ச் பெடலைத் தம்பி கழற்றி ஓரமாக வைத்துவிட்டார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் இரண்டு பட்டைகள், வலது விரலால் தட்டினால் கியர் ஏறும், இடது விரலால் தட்டினால் இறங்கும். எட்டு கியர். இந்த முறையை 1989-ல் ஃபெராரிதான் முதலில் பந்தயத்துக்குக் கொண்டுவந்தது. பிரேசிலில் நடந்த முதல் பந்தயத்திலேயே மேன்செல் அதில் ஜெயித்தார். சில வருடத்துக்குள் கியர் லீவர் என்ற பொருளே ஃபார்முலா 1-லிருந்து காணாமல் போனது.

ஓட்ட சுலபமாக இருக்கும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். சுலபம் என்று சொல்ல மாட்டேன். வேறு மாதிரி. வண்டி ரோட்டோடு ஒட்டிக்கொண்டு போகிறது. லோட்டஸில் நான் பயந்து வேகம் குறைத்த இடத்தில் இங்கே குறைத்தால்தான் தப்பு, ஏனென்றால் வேகம் இருந்தால்தான் காற்று வண்டியைக் கீழே அழுத்தும். பிரேக்கை ஓங்கி மிதிக்க வேண்டும். அரை மணி நேரத்தில் தொடை நடுங்கியது. ஆனால் கையைவிட அதிகம் களைத்தது தலை. இதில் எஞ்சினோடு மின்மோட்டாரும் உண்டு. பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் இருக்கிறது, எந்த நேர்கோட்டில் செலவழிப்பது, எங்கே திரும்பச் சேர்ப்பது, முன்பிரேக்குக்கு எவ்வளவு, பின்னுக்கு எவ்வளவு, காற்றின் எதிர்ப்பைக் குறைக்கப் பின்னிறக்கையை எப்போது திறப்பது. இதெல்லாம் விரல் நுனியில், மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் போய்க்கொண்டே.

எனக்கு ஒரே நேரத்தில் இத்தனையும் பார்க்க முடியவில்லை என்று தெரிந்ததும் தம்பி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அருகில் உட்கார்ந்தார். "அக்கா, இப்ப பேட்டரிய சேர்த்துக்கங்க. நேர்ல வந்ததும் கொடுங்க. பிரேக்குக்கு முன்னாடியே காலை எடுத்துடுங்க." அவர் சொன்னபடி செய்தேன். சுற்று நேரம் நன்றாகவே குறைந்தது. அந்த நேரத்தில்தான் எனக்கு ஒன்று விளங்கியது. பழைய காலத்துக்கும் இந்தக் காலத்துக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஸ்டூல்தான்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இப்போது பந்தயம் பார்க்கிற பழைய ரசிகர்கள் எல்லோரும் ஒரே குறை சொல்கிறார்கள்: டயரை மிச்சம் பிடிக்கிறார்கள், எரிபொருளை மிச்சம் பிடிக்கிறார்கள், முழு வேகத்தில் யார் ஓட்டுகிறார்கள் என்று. நானும் அப்படிச் சொன்னவள்தான். ஆனால் என் லோட்டஸ் ஓடிய 1986-ல் ஒரு வண்டிக்கு ஒரு பந்தயத்துக்கு 195 லிட்டர் பெட்ரோல்தான் அனுமதி, நடுவில் நிரப்பவும் கூடாது. அந்த வருடம் இத்தாலியின் இமோலாவில் கடைசிச் சுற்றில் பெட்ரோல் தீர்ந்துபோய், டேங்கின் அடியில் கிடந்ததை எஞ்சினுக்கு எட்ட வைக்க ஆலன் ப்ராஸ்ட் வண்டியை இடமும் வலமும் ஆட்டி ஆட்டிக் கோட்டைக் கடந்து ஜெயித்தார். ஜெர்மனியின் ஹாக்கன்ஹைமில் கடைசிச் சுற்றில் தீர்ந்தபோது இறங்கி வண்டியைத் தள்ளினார். அந்த வருடம் சாம்பியன் அவர்தான். ஆக, மிச்சம் பிடிப்பது அன்றைக்கும் இருந்தது. டர்போ அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் காக்பிட்டில் ஒரு திருகு இருந்தது. அதை எப்போது திருகுவது என்பது பெரும்பாலும் அந்த ஒரு மனிதனின் கணக்கு. இன்றைக்கு அதே கணக்கை அவனுக்காக ஒரு கூட்டமே போடுகிறது, காதில் சொல்கிறது.

2012 அபுதாபியில் கிமி ரெய்க்கோனன் முதலிடத்தில் போய்க்கொண்டிருந்தபோது பொறியாளர் ஏதோ சொல்ல, என்னைச் சும்மா விடுங்கள், என்ன செய்கிறேன் என்று எனக்குத் தெரியும் என்று வானொலியில் சொன்னாரே, உலகம் முழுக்க ரசிகர்கள் அதை ஏன் கொண்டாடினார்கள்? பக்கத்தில் ஸ்டூல் வேண்டாம் என்று ஒருவர் சொன்னார், சொன்னபடி ஜெயித்தும் காட்டினார். அவர் ஓட்டியதும் லோட்டஸ் என்ற பெயரில் ஓடிய, கறுப்பும் தங்கமும் பூசிய வண்டிதான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இதில் ரசிகருக்கு ஒரு லாபமும் இருக்கிறது. அந்தத் தனிமையை அன்று நாம் வெளியிலிருந்து பார்த்தோம், உள்ளே என்ன நடந்தது என்று தெரியாது. இன்று எல்லாம் கேட்கிறது. 2024 ஹங்கேரியில் லாண்டோ நாரிஸிடம், அதே அணியின் ஆஸ்கர் பியாஸ்ட்ரிக்கு முதலிடத்தைத் திருப்பிக் கொடு என்று பொறியாளர் சுற்று சுற்றாகப் பேசிக்கொண்டே போனார். நாரிஸ் பதில் சொல்லாமல் ஓட்டினார். கடைசியில் வழிவிட்டார். ஒரு மனிதன் மனத்துக்குள் போராடுவதை அப்படி நேரடியாகக் கேட்பது 1986-ல் சாத்தியமே இல்லை. நான் அதை இழக்க விரும்பவில்லை.

பழைய பந்தயங்கள் எல்லாம் விறுவிறுப்பு என்பதும் ஞாபகம் செய்கிற வேலை. 1988-ல் 16 பந்தயத்தில் 15-ஐ மெக்லாரன் அணி ஜெயித்தது. அந்த வருடம் இமோலாவில் சென்னாவும் ப்ராஸ்ட்டும் மற்ற எல்லோரையும் ஒரு சுற்றாவது முந்திவிட்டார்கள். மீதி ஒரே ஒரு பந்தயம் மோன்சா. ஃபெராரியை நிறுவிய என்ஸோ ஃபெராரி இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அங்கே ஃபெராரிகள் முதலும் இரண்டுமாக வந்தன. அதைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். இரண்டாவதாக வந்த மிக்கேலே அல்போரெட்டோவின் பெயரைத்தான் 2021-ல் மோன்சாவின் பரபோலிகா வளைவுக்கு வைத்தார்கள். கடையில் அந்த வளைவு வரும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன். இந்தக் காலத்தில் 2023-ல் ரெட் புல் அணி 22-ல் 21 ஜெயித்தது. சலிப்பு என்றால் இரண்டும் சலிப்புதான். அதே சமயம் 2024-ல் ஏழு ஓட்டுநர்கள் ஆளுக்கு இரண்டு பந்தயமாவது ஜெயித்தார்கள். 2025-ல் கடைசிப் பந்தயம் வரை மூன்று பேர் பட்டத்துக்கு நின்று, நாரிஸ் ரெட் புல்லின் வெர்ஸ்டாப்பனை 2 புள்ளியில் ஜெயித்தார்.

ஆனால் ஒன்றை விட்டுக்கொடுக்க மாட்டேன். வண்டி எப்போது வேண்டுமானாலும் நின்றுவிடலாம் என்ற பதைப்பு போய்விட்டது. 1996 மொனாக்கோவில் கொடி விழும்போது ஓடிக்கொண்டிருந்தது மூன்றே வண்டி. ஜெயித்தது ஒலிவியே பானிஸ், அவருடைய ஒரே வெற்றி. 2001 ஸ்பெயினில் மிக்கா ஹாக்கினன் கடைசிச் சுற்றில் முன்னணியில் போகும்போது வண்டி படுத்துவிட்டது. அம்மாபேட்டையில் மாமா வீட்டில் கேபிளில் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமாவுக்குப் பந்தயம் என்றால் என்னவென்றே தெரியாது, அவரே "அட பாவமே" என்று எழுந்து நின்றார். இன்றைய எஞ்சின்கள் பல பந்தயங்களுக்குத் தாங்க வேண்டும் என்பது விதி, தாங்கவும் செய்கின்றன. பொறியியலாக அது பெரிய சாதனை. பார்க்கிற எனக்கு, கடைசிப் பத்துச் சுற்றில் நகம் கடிக்கக் காரணம் ஒன்று குறைந்துவிட்டது.

இனி எழுதப் போவதை நினைத்தால் இப்போதும் மனது கனக்கிறது. 1994 மே 1, ஞாயிற்றுக்கிழமை. இமோலாவில் டம்புரெல்லோ வளைவில் வண்டி சுவரில் மோதிச் சென்னா இறந்தார். அதற்கு முந்தைய நாள் அதே டிராக்கில் ரோலண்ட் ராட்சன்பெர்கர் என்ற ஆஸ்திரிய ஓட்டுநர் இறந்திருந்தார். ஏற்காட்டில் சீசன் கூட்டம். மறுநாள் அப்பா பஸ் ஸ்டாண்டிலிருந்து பேப்பர் வாங்கிவந்து, எதுவும் சொல்லாமல் என் மடியில் வைத்துவிட்டுப் போனார். சுவரில் அந்தக் கறுப்பு வண்டி அப்படியே இருந்தது. அன்றைக்கு எனக்குப் பதினாறு வயது. அப்போதுதான் சாகிற ஆபத்தும் இந்த விளையாட்டில் சேர்ந்தது என்று புரிந்தது.

அதனால் அந்தக் காலத்தில் ஓட்டியவர்கள்தான் வீரர்கள், இப்போது பாதுகாப்பு அதிகம் என்று யாராவது குறைபோல் சொன்னால் எனக்குக் கோபம் வரும். 2014 அக்டோபரில் ஜப்பானின் சுஸுகாவில் ஜூல்ஸ் பியாங்கி என்ற ஓட்டுநர் மோதி, ஒன்பது மாதம் நினைவு திரும்பாமலே கிடந்து இறந்தார். 2018-ல் தலைக்கு மேல் ஹேலோ என்ற வளையம் வந்தது. அழகைக் கெடுக்கிறது என்று பலர் திட்டினார்கள். 2020 நவம்பரில் பஹ்ரைனில் ரொமேன் க்ரோஷானின் வண்டி தடுப்புச் சுவரைக் கிழித்துக்கொண்டு இரண்டாகப் பிளந்து தீப்பிடித்தது. அப்பாவும் நானும் சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அரை நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவான நேரம் தீயைத் தவிர எதுவும் தெரியவில்லை. அப்புறம் அந்தத் தீக்குள்ளிருந்து அவர் எழுந்து, தடுப்பைத் தாண்டி வந்தார். அந்த வளையம் தலையைக் காத்தது. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். 1994-ல் மடியில் வைத்த பேப்பரை இருவரும் நினைத்தோம், பேசவில்லை.

கடைக்குத் திரும்புகிறேன். குறைகளும் சொல்ல வேண்டும்.

முதல் குறை சத்தம். ஹெட்போன் கொடுக்கிறார்கள், அது நல்ல ஹெட்போன்தான். ஆனால் எஞ்சின் சத்தம் காதுக்கு மட்டும் உரியதில்லை. 2012-ல் நானும் அண்ணனும் ரயிலில் டெல்லி போய், கிரேட்டர் நொய்டாவில் புத்த் சர்க்யூட்டில் இந்தியப் பந்தயம் பார்த்தோம். நிமிடத்துக்கு 18,000 சுற்று சுற்றும் எட்டு சிலிண்டர் வி8 எஞ்சின்கள் 24 ஒன்றாகக் கிளம்பியபோது நெஞ்சுக்கூடு அதிர்ந்தது, பேச வாய் திறந்தால் குரல் வெளியே வந்ததா என்றே தெரியவில்லை. 2014-லிருந்து ஓடும் 1.6 லிட்டர் டர்போ எஞ்சின்களுக்கு அந்தச் சத்தம் இல்லை. திறமையான எஞ்சின், குறைந்த எரிபொருள், எல்லாம் உண்மை. சத்தம் குறைந்தது எனக்கு இழப்பு. 2026 விதிகளில் சக்தியில் கிட்டத்தட்டப் பாதி மின்சாரம் என்று ஆகிவிட்டதால் அது திரும்பி வரும் என்ற நம்பிக்கையும் இல்லை. அதனால்தான் கேட்கிறேன், சீட்டுக்கு அடியில் ஒரு பெரிய ஸ்பீக்கர் வைத்தால் லோட்டஸின் டர்போ சீறுவதாவது முதுகெலும்பில் தெரியும். தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். கீழே டயர் கடைக்காரர் ஒத்துக்கொள்ள வேண்டும் என்கிறார்.

இரண்டாவது, கிளட்ச் பெடல். ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, பாதி மிதித்ததா முழுதும் மிதித்ததா என்று காலுக்குத் தெரிவதில்லை. அதிகம் பயன்படாத ரிக் என்பதற்காகக் கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள். பழைய வண்டியை வைத்திருப்பதே பெருமை என்றால் அதற்கான பெடலும் சரியாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, புதிதாக வருகிறவர்களுக்கு எல்லா உதவிகளையும் போட்டே கொடுக்கிறார்கள். சறுக்காது, பிரேக் பூட்டாது, கியர் தானாக மாறும். சின்னப் பிள்ளைகளுக்குச் சரி. மற்றவர்கள் உட்காரும் முன்பே அணைக்கச் சொல்லிக் கேளுங்கள். முதல் பத்து நிமிடம் சுற்றிச் சுற்றி மண்ணில் போய் நிற்பீர்கள். அதற்குப் பிறகு கிடைக்கிற சந்தோஷம் அந்த உதவிகளோடு கிடைக்காது.

ஏசி பரவாயில்லை. ஞாயிறு காலை 11 மணிக்குமேல் கூட்டம், முந்தைய நாளே போன் செய்துவிடுங்கள். கை நடுக்கத்தோடு கீழே இறங்கினால் நாலு கடை தள்ளி மாலையில் தட்டுவடை செட் வண்டி நிற்கும்.

நான்காவது ஞாயிறு அப்பாவைக் கூட்டிப்போனேன். வயது 76. அந்தப் படியில் ஏற்றுவதற்குள் எனக்குப் பயமாகிவிட்டது. கைப்பிடி ஒன்று வைக்கலாம், அதையும் குறையாகவே சேர்த்துக்கொள்ளுங்கள். அப்பா சீட்டில் உட்கார்ந்து முதலில் கண்ணாடியைச் சரிசெய்யத் தேடினார். ஹேண்ட் பிரேக் எங்கே என்று கேட்டார். லோட்டஸ் கிளம்பியதும் பேச்சை நிறுத்திவிட்டார்.

வேகமாக ஓட்டவில்லை. ஆனால் மூன்று சுற்றிலும் ஒருமுறைகூட டிராக்கை விட்டு இறங்கவில்லை. சிக்கேனுக்கு வெகு முன்பே கியரை இறக்கி, எஞ்சினை வைத்தே வண்டியைப் பிடித்தார். பிரேக்கை அவ்வளவாகத் தொடவே இல்லை. ஒவ்வொரு கியருக்கும் இரண்டு முறை கிளட்ச் மிதித்தார். இரண்டு பெடல் ரிக்கில் இருந்த பையன்கள் எழுந்து வந்து திரையைப் பார்க்காமல் அவருடைய காலைப் பார்த்தார்கள். ஒரு பையன், "தாத்தா, ஏன் ரெண்டு தடவ மிதிக்கிறீங்க?" என்று கேட்டான். "எங்க ஜீப்புல முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது தம்பி. நடுவுல ஒரு தடவ விட்டு, எஞ்சின ஏத்தி, அப்புறம் போட்டாத்தான் பல்லு கடிக்காது" என்று ஓட்டிக்கொண்டே சொன்னார். அந்தப் பையன் அடுத்த அரை மணியைத் தன் ரிக்கை விட்டுவிட்டு மூலை ரிக்கில் எழுதிக்கொண்டான்.

அப்பாவின் இடது கை மட்டும் மூன்று சுற்றும் காற்றில் எதையோ தேடிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு கியருக்கும் அந்தக் கை முதலில் கீழே இறங்கும், லீவர் அங்கே இல்லை என்று தெரிந்து ஸ்டியரிங்குக்குத் திரும்பும், அப்புறம்தான் வலது கை போகும். இறங்கும்போது படியில் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அந்த லீவர இடது பக்கம் மாத்தி வெக்க முடியுமான்னு கேளு கண்ணு" என்றார். மேலே திரும்பிக் கேட்டேன். இரண்டு போல்ட்தான், மாற்றிவிடலாம் என்றார் தம்பி. வருகிற ஞாயிறு காலை 10 மணிக்கு அப்பா பெயரில் அரை மணி எழுதியிருக்கிறேன்.